பருவ பீரை எப்படி ருசிப்பது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டில் தமிழ்நாட்டை ஒட்டிய நம் எல்லை ஊர்களிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் லீவில் வரும்போது தவறாமல் கேட்பது இது: அங்கே பப்பில் கரும்பலகையில் ‘சீசனல்’ என்று தனியாக எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஒரு மாதம் மாம்பழ பீர், இன்னொரு மாதம் கறுப்பாக ஏதோ ஒன்று, விலையும் கூடுதல், அதில் அப்படி என்னதான் இருக்கிறது, குடித்தால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்று. வித்தியாசம் நிறைய இருக்கிறது. எதைத் தேட வேண்டும் என்று யாரும் சொல்லித் தராததால்தான் பிடிபடுவதில்லை.

ஒரு பீருக்குள் பருவம் மூன்று வழியாக வரலாம். காய்ச்சிய நாட்களின் குளிர் வழியாக வரலாம், அந்த மாதத்தில் விளைந்த பொருள் வழியாக வரலாம், குடிக்கிறவர் உட்கார்ந்திருக்கும் வெயிலுக்கோ மழைக்கோ ஏற்றபடி செய்திருப்பதாலும் வரலாம். கிளாஸைக் கையில் எடுத்ததும் இந்த மூன்றில் எது இதற்குள் வேலை செய்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு குடியுங்கள், ருசிப்பதில் பாதி வந்துவிடும். மீதிக்கு மூக்கும் நிதானமும் போதும்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீர் என்றால் தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்து வறுத்த பார்லி. அதை வெந்நீரில் ஊறவைத்தால் சர்க்கரை இறங்கும், அந்த இனிப்புத் தண்ணீரை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டால் கசப்பும் மணமும் சேரும், ஆறவைத்து ஈஸ்ட் விட்டால் அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் நுரைக்கு வேண்டிய வாயுவையும் தரும். ஈஸ்டில் இரண்டு பெரிய கூட்டம். ஏல் ஈஸ்ட் சுமார் 15 முதல் 24 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்து பழ மணங்களைத் தரும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரிக் குளிரில் மெதுவாக வேலை செய்யும், அப்புறம் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடந்து தெளியும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பீர், ‘ஸ்ட்ராங்’ உட்பட, அநேகமாக எல்லாம் லாகர்தான். பெரிய கம்பெனிகள் வருஷம் முழுக்க ஒரே ருசி வரவேண்டும் என்று பாடுபடுகின்றன, அது அவர்கள் தொழில். கிராஃப்ட் பீர்க்காரர்கள் சின்னத் தொட்டிகளில் காய்ச்சுகிறவர்கள், இந்தத் தொட்டியில் ஒன்று, அடுத்ததில் வேறு என்று மாற்றிக்கொண்டே போக அவர்களால் முடியும். புனேயில் 2009-இல் டூலாலி, பெங்களூரு இந்திராநகரில் 2010-இல் டாய்ட் என்று சொந்தமாக பீர் காய்ச்சும் பப்கள் தொடங்கி இன்று அந்த ஊர்களில் இது சாதாரண விஷயமாகிவிட்டது.

சரி, முதல் வழிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் இதில் ருசி என்பது முழுக்க முழுக்க வானிலை செய்த வேலை.

குளிர்சாதனம் இல்லாத காலத்தில் கோடையில் பீர் காய்ச்சினால் கெட்டுப்போகும். சூட்டில் ஈஸ்டோடு சேர்ந்து வேண்டாத பாக்டீரியாவும் பெருகிவிடும். பவேரியாவில் 1553-இல் ஒரு சட்டமே போட்டார்கள்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பீர் காய்ச்சக் கூடாது. அப்படியானால் கோடை முழுக்கக் குடிப்பதற்கான பீரை மார்ச்சிலேயே காய்ச்சி முடித்தாக வேண்டும். ஐந்தாறு மாதம் தாங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் கனமாக, ஹாப்ஸும் கூட்டிப் போட்டுக் காய்ச்சி, நிலவறைகளில் பனிக்கட்டியோடு அடுக்கி வைத்தார்கள். நிலவறைக்கு மேலே வெயில் படாமலிருக்க அகன்ற இலையுள்ள செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அந்த மர நிழலில் மக்கள் வந்து உட்கார்ந்து குடிக்கத் தொடங்கியதுதான் மியூனிக்கின் பீர் தோட்டங்கள். 1812-இல் அரசர் மேக்ஸ் யோசப், காய்ச்சுகிறவர்கள் அங்கேயே பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மற்ற விடுதிக்காரர்களின் பிழைப்பைக் காப்பதற்காக அது. இன்றும் பல பீர் தோட்டங்களில் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போய் உட்காரலாம்.

அந்த மார்ச் மாத பீருக்கு மெர்ட்சன் என்று பெயர். செம்பு நிறம், வறுத்த ரொட்டியின் மேல்தோல் மணம், நாக்கில் இனிப்பாகத் தொடங்கி விழுங்கியதும் இனிப்பில்லாமல் முடியும். கோடை கடந்து மிஞ்சியது இலையுதிர் காலத்தில் தீர்ந்தது, அதனால்தான் அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழாவோடு அது ஒட்டிக்கொண்டது. அந்தத் திருவிழா 1810-இல் பவேரிய இளவரசர் லூட்விக்கின் கல்யாணத்தை ஒட்டித் தொடங்கியது; இப்போது அங்கே ஊற்றுவது அநேகமாகப் பொன்னிறத்தில் இன்னும் இலகுவான வகை. 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தை பீர் ஆலைகளுக்குக் கொண்டு வந்தார், அதன்பின் எந்த மாதமும் எந்த பீரும் காய்ச்சலாம் என்றானது. ஆனாலும் மெர்ட்சனைக் குடிக்கும்போது அந்த மால்ட் கனத்தைத் தேடிப் பாருங்கள், ஐந்து மாதக் கோடையைத் தாண்ட வேண்டியிருந்த பீரின் உடம்பு அது.

பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸைச் சுற்றிச் செய்யும் லாம்பிக் இன்னும் பருவத்தை விடவில்லை. அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரல் வரைதான் காய்ச்சுவார்கள். கொதித்த இனிப்புத் தண்ணீரை அகலமான, ஆழமில்லாத ஒரு தொட்டியில் ஊற்றி, இரவு முழுக்கத் திறந்தே வைத்துவிடுவார்கள். காற்றிலும் கூரையிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து சேரும், யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. இரவு குளிராக இருந்தால்தான் சரியான வேகத்தில் ஆறும், கெட்டவை பெருகாது. அப்புறம் மரப்பீப்பாயில் ஒன்று, இரண்டு, மூன்று வருஷம். வெவ்வேறு வயதுள்ளதைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். முதல் தடவை குடிக்கிற பலரும் முகம் சுளிப்பார்கள், அவ்வளவு புளிப்பு.

நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பிறந்தவர்கள் சுளிக்க வேண்டிய அவசியமே இல்லை, நமக்கு அந்த ருசி ஏற்கெனவே தெரியும். தென்னம்பாளையைச் சீவிக் கட்டிய பானையில் சொட்டும் சாறும் இப்படித்தான் யாரும் ஈஸ்ட் போடாமல் பானையிலும் காற்றிலும் இருப்பதை வைத்தே நுரைக்கிறது. சொட்டும்போது இனிப்பு மட்டும், சில மணி நேரத்தில் ஆல்கஹால், கூடவே லாக்டிக் பாக்டீரியா தரும் புளிப்பு, விட்டு வைத்தால் காடி. சுண்ணாம்பு தடவிய பானையென்றால் இந்த வேலையெல்லாம் நின்றுபோய் இனிப்பாகவே இருக்கும். நம் தோப்புகளிலிருந்து வண்டி வண்டியாக மற்ற மாவட்டங்களின் ஷாப்புகளுக்குக் கள் போகிறது, எல்லைக் கோட்டைத் தாண்டிய தமிழ்நாட்டுப் பக்கத்தில் 1987 முதல் தடை. ஷாப்பில் போய் “சேட்டா, இது இன்னைக்குக் காலையில இறக்குனதா, நேத்து அந்திக்கள்ளா?” என்று கேட்டுவிட்டு வாங்குகிற ஆள், தான் ருசி நிபுணர் என்று நினைப்பதில்லை, ஆனால் அவர் செய்வது அதுதான்: நேரமும் சூடும் ஒரு பானத்தை என்ன செய்திருக்கின்றன என்று கேட்கிறார். காலைக் கள்ளையும் அந்திக் கள்ளையும் மூத்த கள்ளையும் அடுத்தடுத்து ஒவ்வொரு வாய் குடித்துப் பாருங்கள் (கேரளத்தில் இதற்கு 23 வயது ஆகியிருக்க வேண்டும்). இனிப்பு குறையக் குறையப் புளிப்பும் காரமும் ஏறுவதை நாக்கு படித்துக்கொள்ளும். பீரில் பிறகு சந்திக்கப்போகிற பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது. பனங்கள்ளுக்கு வெயில் காலம்தான் பருவம், அது கிடைக்கும் நாளில் தென்னங்கள்ளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது வழி விளைச்சல். இதில் மிக நேர்மையானது பச்சை ஹாப்ஸ் பீர். ஹாப்ஸ் கொடியின் பூவை வழக்கமாகக் காயவைத்து, அழுத்தி உருண்டையாக்கித்தான் வருஷம் முழுக்க விற்பார்கள். பறித்த பச்சைப் பூவில் பெரும்பகுதி தண்ணீர், ஒரு நாள் தாண்டினால் வாட ஆரம்பித்துவிடும். அதனால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் அறுவடை நடக்கும்போது, பறித்த கையோடு லாரியில் ஏற்றி அன்றைக்கே கொப்பரையில் போடுவார்கள். சியரா நெவாடா ஆலை 1996-இலிருந்து இப்படி ஒன்று காய்ச்சுகிறது. வெட்டிய புல், இலைச்சாறு, ஆரஞ்சுத் தோல் என்று மணம் பச்சையாக இருக்கும், கசப்பு முனை மழுங்கி இருக்கும். நம் நாட்டில் இமாச்சலத்தின் லாஹௌலில் கொஞ்சம் ஹாப்ஸ் விளைகிறது என்றாலும், இங்கே காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு உருண்டைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆகவே இது வெளியூர் போகிறவர்களுக்கான குறிப்பு.

நமக்கு உள்ள விளைச்சல் மாம்பழம். முதலமடையில் ஜனவரியிலேயே மாம்பழம் சந்தைக்கு வந்துவிடுகிறது, நாட்டின் மற்ற இடங்களில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் இங்கே லாரி ஏறுகிறது. மாம்பழ பீர் என்றதும் எல்லோரும் மாம்பழ ஜூஸ் மாதிரி இனிக்கும் என்று நினைத்துக் குடிக்கிறார்கள், அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும். இனிப்பு போய், பழத்தின் புளிப்பும் தோலின் லேசான துவர்ப்பும் மணமும்தான் மிஞ்சும். மாம்பழ பீர் தேன் மாதிரி இனித்தால், நொதித்து முடிந்த பிறகு கூழோ சாறோ எசென்ஸோ சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். அது தப்பில்லை, ஆனால் எனக்கு அது அரைகுறை வேலையாகத்தான் படுகிறது. நன்றாகச் செய்த மாம்பழ பீரில் முதல் மணம் மாம்பழம், முதல் வாயில் மாம்பழம் எங்கே என்று தேடுவீர்கள், விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சு விடும்போது அது திரும்ப வரும். கிளிமூக்குப் போட்டால் புளிப்பு தூக்கலாக இருக்கும், அல்போன்சா போட்டால் மணம் தூக்கலாக இருக்கும். இன்னொன்றும் உண்டு: மாம்பழமே போடாமல் மாம்பழம் மணக்கும் பீர். சிட்ரா, மொசைக் போன்ற ஹாப்ஸ் வகைகளின் எண்ணெயிலேயே அந்த மாதிரி வெப்பமண்டலப் பழ மணம் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும், ஹாப்ஸில் வந்த மாம்பழத்துக்குப் பின்னால் கசப்பு நிற்கும்.

அமெரிக்காவில் இலையுதிர் காலத்துப் பூசணி பீருக்குப் பெரிய பெயர். அதில் மணப்பது பெரும்பாலும் பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, நம் மூக்குக்கு மசாலா டப்பாவாகத்தான் தெரியும். ஒரு முறை குடிக்கலாம்.

மூன்றாவது, குடிக்கிறவரின் வானிலை. பெல்ஜியத்தின் வலோனியாவில் வயல் வேலைக்காரர்களுக்காகக் குளிர்காலத்தில் காய்ச்சி வைத்துக் கோடையில் கொடுத்தது சேசோன். மிளகு மாதிரி ஒரு சுருக்கு, இனிப்பே இல்லாத முடிவு, நிறைய வாயு, தாகம் தீர்க்கும். துர்ப் என்ற ஊரில் காய்ச்சும் சேசோன் டுப்பாங்தான் இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம், 6.5% ஆல்கஹால். எதிர்ப்பக்கத்தில் டாப்பல்பாக் என்ற கனமான லாகர், மியூனிக் துறவிகள் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தது, குளிர் விலகாத மார்ச்சுக்கு உடம்பில் சூடு தருவது. கிறிஸ்துமஸுக்கு வரும் இம்பீரியல் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் 8 முதல் 12% வரை போகும். இந்த நாட்காட்டியெல்லாம் ஐரோப்பாவின் குளிருக்குப் போட்டது. பாலக்காட்டில் மார்ச் என்றால் வெயில் 40 டிகிரியைத் தொடப் பார்க்கும் மாதம், அப்போது டாப்பல்பாக் குடித்தால் பாதிக் கிளாஸில் திகட்டிவிடும். கறுப்பு பீருக்கு நம் பக்கத்தில் சரியான பருவம் மழைக்காலம் என்பது என் முடிவு. ஆடி மழையில், கணவாய் வழியாகக் காற்று விசிறும் சாயங்காலத்தில் ஸ்டவுட் எவ்வளவு பொருத்தம் என்று ஒரு தடவை குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடைக்கு சேசோன், கோதுமை பீர், மாம்பழ பீர்.

இப்போது கிளாஸ். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கிளாஸாக இருக்க வேண்டும், பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது, நுரையில்தான் மணம் தங்குகிறது. சாய்த்துப் பிடித்து ஊற்றத் தொடங்கி, பாதிக்கு மேல் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை வரவிடுங்கள். பாட்டிலோடு குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லாமல் போகும். சில்லென்று வேண்டும் என்ற பழக்கத்தை இந்த ஒரு வேலைக்காவது விட்டுவிடுங்கள், ஏனென்றால் கடும் குளிரில் மணம் எழும்பாது, நாக்கும் மரத்துவிடும். மெல்லிய லாகருக்கு 4 முதல் 7 டிகிரி சரி. கறுப்பும் கனமுமான பீர் 10, 12 டிகிரிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறக்கும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நம் ஊர்ச் சூட்டில் கால் மணி நேரம் வைத்தாலே போதும்.

குடிப்பதற்கு முன் மோந்து பாருங்கள், நீளமாக இழுக்க வேண்டாம், இரண்டு மூன்று குட்டி மோப்பம். ரொட்டி, பிஸ்கட், கருகிய சர்க்கரை, காப்பி என்றால் மால்ட். பூ, எலுமிச்சைத் தோல், பைன் மரம் என்றால் ஹாப்ஸ். வாழைப்பழம், கிராம்பு என்றால் ஈஸ்ட். ஜெர்மன் கோதுமை பீரில் பூவன்பழம் மாதிரி மணக்கும், ஒரு துண்டு வாழைப்பழம் கூட அதில் போடுவதில்லை. அப்புறம் ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். ஒயின் ருசிப்பவர்கள் மாதிரித் துப்பக் கூடாது, பீரின் கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுதாகத் தெரியும். விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள், மேலே மாம்பழத்துக்குச் சொன்னது இதுதான். முதல் வாயை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மூன்றாவது வாயில் நாக்கு பழகியிருக்கும்.

பப்பில் 100 மில்லி அளவு சின்னக் கிளாஸ்களில் நாலைந்து வகையை ஒன்றாகத் தருவார்கள், தொடங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லது. மெல்லியதில் தொடங்கிக் கனத்ததுக்குப் போங்கள், புளிப்பையும் கடும் கசப்பையும் கடைசிக்கு வையுங்கள், நடுவில் தண்ணீர். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கூட இருந்தால் சுகம்தான், ஆனால் ருசி பார்க்கும் நேரத்தில் மிளகாய் வேண்டாம். கசப்பும் ஆல்கஹாலும் அந்த எரிச்சலைத் தூக்கிவிடும், மென்மையான எதுவும் பிறகு தெரியாது. உப்பில்லாத பொரி போதும். நாலு சின்னக் கிளாஸ் என்றாலும் அது குடிதான், திரும்பும்போது வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.

கெட்டுப்போன பீரை அடையாளம் காண்பதும் இதில் சேர்த்தி. நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில் பீர் வெயிலில் நின்றிருந்தால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் சிதைந்து ஒரு மாதிரி நாற்றமடிக்கும். நம் ஊர் வெயிலில் இது எளிதாக நடக்கும், பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும். வெண்ணெய் வாடை வந்தால் ஈஸ்டுக்குப் போதுமான நேரம் கொடுக்காமல் அவசரமாக இறக்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லலாம். புளிப்பு, புளிப்பு பீரில் இருந்தால் சரி, மெர்ட்சனில் இருந்தால் குழாயையோ பீப்பாயையோ சுத்தம் செய்யவில்லை. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டில் பழகுவதற்கு ஒரு வழி: மளிகைக் கடையில் பார்லி வாங்கி மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றை லேசாக, ஒன்றைச் செந்நிறமாக, ஒன்றைக் கிட்டத்தட்டக் கருகும் வரை வறுத்து, மென்று பாருங்கள். மால்ட் இல்லையென்றாலும் வறுவல் ஏற ஏற பிஸ்கட்டும் காப்பியும் எங்கிருந்து வருகின்றன என்று வாய்க்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை மெர்ட்சனும் ஸ்டவுட்டும் வேறு வேறாகவே தெரியும்.

கடைசியாகத் தேதி. கிளாஸில் ஊற்றும் ஆளிடம் எப்போது காய்ச்சியது, எப்போது பீப்பாயைத் திறந்தது என்று கேளுங்கள், நல்ல இடத்தில் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஹாப்ஸ் மணத்தை நம்பிய பீர், பழ பீர் இரண்டும் வாரக்கணக்கில் மங்கிக்கொண்டே போகும், வாங்கி அலமாரியில் வைப்பதில் அர்த்தமில்லை. இம்பீரியல் ஸ்டவுட், பார்லிவைன் என்ற கனமான ஏல் போன்ற 9, 10% பீர்களை இருட்டான, குளிர்ந்த இடத்தில் வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும், உலர்ந்த திராட்சை, ஷெர்ரி ஒயின் ருசியெல்லாம் அதில் வந்து சேரும். நம் வீடுகளின் சூட்டில் அதற்கு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுதான் இடம். பெங்களூரில் இருக்கிறவர்கள் மாம்பழ பீருக்கு ஏப்ரலிலிருந்தே விசாரித்து வையுங்கள், குழாயில் ஏறிய முதல் வாரத்தில் போய்க் குடித்துவிடுங்கள்.